மதுபான விற்பனை உரிமம் (இங்கிலாந்தும் வேல்சும்)

இங்கிலாந்திலும் வேல்சிலும் மதுபானம் விற்க விரும்பும் ஒருவர் சட்டப்படி பெறவேண்டிய அனுமதி மதுபான விற்பனை உரிமம் ஆகும். இலங்கை வழக்கில் இது அனுமதிப்பத்திரம் எனவும் குறிப்பிடப்படும். 2005 நவம்பர் 24 முதல் இவ்வுரிமங்கள் 2003 ஆம் ஆண்டின் உரிமச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டு வருகின்றன. உரிமத்தை வழங்குவது நடுவண் அரசோ காவல்துறையோ அன்று. கடை அமைந்துள்ள இடத்தின் உள்ளூராட்சி மன்றமே உரிம அதிகாரசபையாகச் செயற்படுகிறது.

பல நாடுகளில் மது உரிமம் என்பது அரசு ஏலத்தில் விடும் ஒன்றாகவோ, எண்ணிக்கை வரையறுக்கப்பட்ட சலுகையாகவோ இருக்கிறது. இங்கு அவ்வாறில்லை. முறையாகச் செய்யப்பட்ட விண்ணப்பத்துக்கு எதிராக 28 நாட்களுக்குள் எவரும் தகுந்த முறையீடு செய்யாவிடின், அதிகாரசபை உரிமத்தை வழங்கியே ஆகவேண்டும். மறுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. ஆகவே இம்முறையில் உண்மையான போட்டி விண்ணப்பதாரருக்கும் அரசுக்கும் இடையில் நிகழ்வதில்லை. கடை திறந்து பிழைக்க விரும்புபவருக்கும், அதே தெருவில் இரவில் உறங்க விரும்புபவருக்கும் இடையிலேயே நிகழ்கிறது.

வரலாறு

மது விற்பனைக்கு உரிமம் பெறவேண்டும் என்னும் விதி ஆறாம் எட்வர்டு மன்னர் காலத்தில், 1552 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தோடு தொடங்குகிறது. இதன்படி ஏல் எனப்படும் பியர் வகையை விற்கும் விடுதிக்காரர், இரண்டு சமாதான நீதவான்களிடம் அனுமதி பெற்று, ஒழுங்கைக் காப்பதாகப் பிணையும் கொடுக்கவேண்டும். அதன் பின்னர் ஏறத்தாழ நான்கரை நூற்றாண்டுகள் மது உரிமம் நீதவான்களின் கையிலேயே இருந்தது.

இடையில் செய்யப்பட்ட இரண்டு சோதனைகள் குறிப்பிடத்தக்கவை. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் லண்டனில் ஜின் குடிப்பழக்கம் கட்டுக்கடங்காமல் பரவியது. இதைத் தடுக்க 1736 இல் கொண்டுவரப்பட்ட சட்டம், சில்லறை விற்பனை உரிமத்துக்கு ஆண்டுக்கு 50 பவுண் கட்டணம் விதித்தது. அக்காலத்தில் அது சாதாரண வணிகர் நினைத்தும் பார்க்க முடியாத தொகை. விளைவாக உரிமம் பெற்றோர் மிகச் சிலரே. விற்பனையோ மறைவாகத் தொடர்ந்தது. 1743 இல் அச்சட்டம் கைவிடப்பட்டது. இதற்கு நேர்மாறானது 1830 ஆம் ஆண்டின் பியர் விடுதிச் சட்டம். வரி செலுத்தும் வீட்டுக்காரர் எவரும் இரண்டு கினி கட்டணம் செலுத்தினால், நீதவான்களிடம் செல்லாமலே பியர் விற்கலாம் என்றது அது. சில மாதங்களுக்குள் பல்லாயிரம் புதிய பியர் கடைகள் தோன்றின. பல குடும்பங்கள் தம் முன்னறையையே கடையாக்கின. 1869 இல் இக்கடைகளும் மீண்டும் நீதவான்களின் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவரப்பட்டன. மிகக் கடினமான உரிமமும் மிக எளிதான உரிமமும் ஒருங்கே தோல்வியுற்ற நாடு என்பதால், பின்வந்த சட்டங்கள் இரண்டுக்கும் இடைப்பட்ட வழியொன்றைத் தேடின எனலாம்.

1891 இல் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்த ஷார்ப் எதிர் வேக்ஃபீல்டு வழக்கு இத்துறையில் நெடுங்காலம் எடுத்துக்காட்டப்பட்டது. வெஸ்ட்மோர்லாந்தின் கென்ட்மியர் என்னும் ஒதுக்குப்புற ஊரிலிருந்த ஒரு விடுதியின் உரிமத்தைப் புதுப்பிக்க நீதவான்கள் மறுத்தனர். காவல்துறையின் கண்காணிப்புக்கு எட்டாத தொலைவில் இருந்ததும், அவ்வூருக்கு அது தேவையில்லை என்பதும் காரணங்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு வந்தாலும் உரிமம் என்பது உடைமை ஆகாது என்றும், அதை மறுக்க நீதவான்களுக்கு அதிகாரம் உண்டு என்றும், ஆனால் அவ்வதிகாரம் விருப்பு வெறுப்பின்றி நீதிமுறையில் பயன்படுத்தப்பட வேண்டும் என்றும் அவ்வழக்கில் முடிவாயிற்று. இதனால் அச்சமுற்ற மது வணிகர்களின் நெருக்குதலைத் தொடர்ந்து, நடத்தையில் குறை இல்லாதபோதும் உரிமம் இழப்போருக்கு இழப்பீடு வழங்க 1904 இல் தனிச் சட்டம் செய்யப்பட்டது.

முதலாம் உலகப் போரின்போது விற்பனை நேரம் கடுமையாகக் குறைக்கப்பட்டது. கார்லைல் பகுதியில் 1916 முதல் மதுவிடுதிகளையும் வடிசாலைகளையும் அரசே வாங்கி நடத்தியது. அந்த ஏற்பாடு 1970களின் தொடக்கம்வரை நீடித்தது. போர்க்கால நேரக் கட்டுப்பாட்டின் எச்சமான பிற்பகல் மூடல் 1988 இலும், இரவு 11 மணி என்னும் பொது மூடுநேரம் 2005 இலும் நீங்கின. 2003 ஆம் ஆண்டின் சட்டம் நீதவான்களிடமிருந்து உரிமம் வழங்கும் பணியை எடுத்து, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்ற உறுப்பினர்களிடம் ஒப்படைத்தது.

இருவகை உரிமங்கள்

தற்போதைய சட்டத்தில் ஆளுக்கு ஓர் உரிமமும் இடத்துக்கு ஓர் உரிமமும் தனித்தனியே உள்ளன. புதிதாகத் தொழிலில் இறங்குவோர் பெரிதும் குழம்புவது இங்கேதான். ஒன்றைப் பெற்றவர் மற்றொன்றும் கிடைத்துவிட்டதாக எண்ணி விற்பனையைத் தொடங்கினால் அது குற்றமாகும்.

தனியாள் உரிமம் பெறுபவர் 18 வயது நிரம்பியவராகவும், ஐக்கிய இராச்சியத்தில் தொழில்புரியும் உரிமை உடையவராகவும் இருக்கவேண்டும். அங்கீகரிக்கப்பட்ட குறுகிய பயிற்சித் தேர்வொன்றில் தேறிய சான்றிதழையும், குற்றப் பதிவுச் சான்றிதழையும் இணைத்து, தாம் வசிக்கும் பகுதியின் மன்றத்துக்கு விண்ணப்பிக்கவேண்டும். கட்டணம் 37 பவுண். முன்னர் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தது; 2015 ஏப்ரல் முதல் இவ்வுரிமத்துக்குக் காலவரம்பு இல்லை. இதை வைத்திருப்பவர் வேறு ஊருக்கோ வேறு கடைக்கோ மாறினாலும் உரிமம் அவருடனேயே செல்லும்.

இட உரிமம் கடையையோ விடுதியையோ சார்ந்தது. அந்த இடத்துக்கு, தனியாள் உரிமம் பெற்ற ஒருவர் பொறுப்பு மேற்பார்வையாளராகப் பெயர் குறிக்கப்படவேண்டும். அவர் எந்நேரமும் கடையில் நிற்கவேண்டும் என்பதில்லை; ஒவ்வொரு போத்தலையும் அவரே விற்கவேண்டும் என்பதும் இல்லை. ஆனால் விற்பனை ஒவ்வொன்றும் தனியாள் உரிமம் உள்ள ஒருவரின் ஒப்புதலின் கீழ் நடைபெறவேண்டும். இதனால் பல கடைகளில் ஊழியர்களுக்கு எழுத்துமூல ஒப்புதல் வழங்கிக் கோப்பில் வைத்திருப்பது வழக்கம். மேற்பார்வையாளர் வேலையை விட்டுச் சென்று, அவருக்குப் பதிலாக வேறொருவர் அறிவிக்கப்படாவிடின், அந்தக் கடையில் மது விற்க முடியாது.

இட உரிமத்துக்கு விண்ணப்பித்தல்

விண்ணப்பப் படிவத்துடன் கட்டிடத்தின் வரைபடம், மேற்பார்வையாளரின் சம்மதக் கடிதம், கட்டணம் ஆகியவை இணைக்கப்படுகின்றன. வரைபடத்தைக் கட்டிடக் கலைஞர்தான் வரையவேண்டும் என்றில்லை. எல்லைகள், வாயில்கள், தப்பும் வழிகள், மது வைக்கப்படும் பகுதி, படிகள், கழிவறைகள், தீயணைப்புக் கருவிகள் என்பன தெளிவாகத் தெரிந்தால் போதும். கட்டணம் உள்ளூர் வரிக்காகக் கட்டிடத்துக்கு மதிப்பிடப்பட்ட வாடகைப் பெறுமதியைப் பொறுத்தது. மிகச் சிறிய கடைக்கு 100 பவுண் முதல் பெரிய கட்டிடத்துக்கு 635 பவுண் வரை ஆகும். உரிமம் கிடைத்த பின்னர் ஆண்டுதோறும் 70 முதல் 350 பவுண் வரை செலுத்தவேண்டும். 2005 இல் வகுக்கப்பட்ட இத்தொகைகள் இருபது ஆண்டுகள் கடந்தும் மாற்றப்படவில்லை. நகர மையங்களில் மது விற்பனையையே முதன்மைத் தொழிலாகக் கொண்ட பெரிய விடுதிகளுக்கு மட்டும் இவை பெருக்கி அறவிடப்படுகின்றன.

படிவத்தின் உயிர்நாடி நடத்துமுறைத் திட்டம் என்னும் பகுதி ஆகும். எந்த நாட்களில், எந்த நேரத்தில் விற்பனை நடைபெறும், மது கடையிலேயே அருந்தப்படுமா அல்லது வெளியே கொண்டுசெல்லப்படுமா என்பவற்றை இங்கே எழுதவேண்டும். வெளியே கொண்டுசெல்ல மட்டும் விற்கும் கடைகளே பேச்சுவழக்கில் ஓஃப் லைசென்ஸ் எனப்படுகின்றன. இவற்றோடு, சட்டம் கூறும் நான்கு நோக்கங்களையும் நிறைவேற்ற என்ன செய்யப்படும் என்பதும் குறிக்கப்படவேண்டும். குற்றத்தையும் ஒழுங்கின்மையையும் தடுத்தல், பொதுமக்கள் பாதுகாப்பு, பொதுத் தொல்லையைத் தடுத்தல், சிறுவர்களைத் தீங்கிலிருந்து காத்தல் என்பனவே அந்நான்கு.

இப்பகுதியில் எழுதப்படும் உறுதிமொழிகள் பின்னர் உரிமத்தின் நிபந்தனைகளாக மாற்றப்படுகின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதிகாரிகளுக்கு நன்றாகத் தோன்றவேண்டும் என்பதற்காக, "வாயிலில் எப்பொழுதும் காவலர் இருப்பார்" என்று ஒரு சிறுகடைக்காரர் எழுதிவிட்டால், காவலர் இல்லாத இரவில் ஒரு பியர் விற்பதும் குற்றமாகிறது. உரிமத்துக்குப் புறம்பாக விற்பதற்கு ஆறு மாதம் வரை சிறையோ, வரம்பற்ற தண்டப்பணமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வேறொரு கடையின் விண்ணப்பத்தைப் பார்த்தெழுதுவது இக்காரணத்தால் ஆபத்தானது. மறுபுறம், ஒன்றும் எழுதாமல் விடுவது காவல்துறையின் எதிர்ப்பை அழைக்கும். கண்காணிப்பு ஒளிப்படக்கருவிப் பதிவுகளை 31 நாள் பேணுதல், 25 வயதுக்குக் குறைவாகத் தோன்றுவோரிடம் அடையாள அட்டை கேட்டல், விற்க மறுத்தவற்றைப் பதிவேட்டில் எழுதுதல் போன்ற, உண்மையில் செய்யக்கூடியவற்றை எழுதுவதே வழக்கறிஞர்கள் கூறும் வழி. விண்ணப்பிக்கும் முன்னரே உள்ளூர்க் காவல்துறையின் உரிமப் பிரிவினரிடம் பேசி நிபந்தனைகளை இணங்கிக்கொள்வதும் உண்டு.

நீல அறிவித்தல்

விண்ணப்பம் கையளிக்கப்பட்ட மறுநாளிலிருந்து தொடர்ந்து 28 நாட்களுக்கு, கடையின் வெளிப்புறத்தில் வழிப்போக்கர் வாசிக்கக்கூடியவாறு ஓர் அறிவித்தல் ஒட்டப்படவேண்டும். தாள் வெளிர்நீல நிறமாக இருக்கவேண்டும். அளவு குறைந்தது ஏ4. எழுத்து கறுப்பு நிறத்தில் குறைந்தது 16 புள்ளி அளவில் இருக்கவேண்டும். 2005 ஆம் ஆண்டின் விதிகள் இவ்வளவு நுணுக்கமாக இதை வரையறுத்தன. அவ்விதிகளின்படி பத்து வேலை நாட்களுக்குள் உள்ளூர்ச் செய்தித்தாளில் ஒருமுறை விளம்பரமும் செய்யவேண்டும். மன்றமும் தன் இணையத்தளத்தில் விவரத்தை வெளியிடும்.

அற்பமான சடங்குபோல் தோன்றினாலும் அண்டை வீட்டாரின் உரிமை முழுவதும் இந்தத் தாளில்தான் தங்கியுள்ளது. எதிர்ப்பு இல்லாவிடில் உரிமம் தானாகக் கிடைக்கும் ஒரு முறையில், செய்தி எட்டாதவர் எதிர்க்க இயலாது. ஆதலால் தாள் கிழிந்து விழுந்தாலோ, கடைக்குள் தெரியாத இடத்தில் ஒட்டப்பட்டிருந்தாலோ, 28 நாட்களும் மீண்டும் முதலிலிருந்து எண்ணப்பட நேரிடும். பல விண்ணப்பதாரர்கள் நாள்தோறும் அதை ஒளிப்படம் எடுத்து வைப்பது இதனாலேயே.

யார் முறையிடலாம்

விண்ணப்பத்தின் பிரதி காவல்துறை, தீயணைப்புப் படை, சுற்றுச்சூழல் நலப் பிரிவு, நகரத் திட்டமிடல் பிரிவு, வணிகத் தரக் கண்காணிப்புப் பிரிவு, சிறுவர் பாதுகாப்பு அமைப்பு முதலான பொறுப்பு அமைப்புகளுக்குச் செல்கிறது. 2012 இல் உள்ளூர் நலவாழ்வு அமைப்பும், 2017 இல் குடிவரவு தொடர்பில் உள்துறை அமைச்சும் இப்பட்டியலில் சேர்க்கப்பட்டன. தொடக்கத்தில், கடைக்கு அண்மையில் வசிப்போரும் தொழில் செய்வோரும் மட்டுமே பொதுமக்கள் சார்பில் முறையிடலாம் என்றிருந்தது. 2012 முதல் இந்த எல்லை நீக்கப்பட்டு, எவரும் முறையிடலாம் என்றாயிற்று.

ஆனால் எதையும் கூறி முறையிடலாம் என்பதல்ல. கூறப்படும் காரணம் மேற்சொன்ன நான்கு நோக்கங்களில் ஒன்றையாவது தொடவேண்டும். "இத்தெருவில் ஏற்கனவே மூன்று கடைகள் உள்ளன, நான்காவது எதற்கு" என்னும் வாதம் செல்லாது. தேவை என்பது சந்தையின் முடிவு, உரிம அதிகாரசபையின் முடிவன்று என அரசின் வழிகாட்டுதல் கூறுகிறது. பக்கத்துக் கடைக்காரர் தம் வணிகம் குறையும் என்பதற்காகச் செய்யும் முறையீடும் அவ்வாறே தள்ளப்படும். குடிப்பது தீது என்னும் அறநெறிக் காரணமும் ஏற்கப்படாது. மாறாக, இரவு பன்னிரண்டு மணிக்குப் பின் கடைவாயிலில் கூட்டம் கூடிச் சத்தமிடுவதை நாள், நேரம் குறித்து எழுதிவைத்திருக்கும் ஒருவரின் கடிதம் மிகுந்த வலுவுடையது.

கடைகள் மிகுந்து ஏற்கனவே தொல்லை நிலவும் பகுதிகளுக்கு விலக்கொன்று உண்டு. அங்கே மன்றம் திரண்ட தாக்கம் பற்றிய மதிப்பீடொன்றை வெளியிடலாம். 2018 முதல் இதற்குச் சட்டத்திலேயே இடமளிக்கப்பட்டுள்ளது. அத்தகைய பகுதியில் புதிதாக விண்ணப்பிப்பவர், தம் கடையால் நிலைமை மேலும் மோசமாகாது எனத் தாமே காட்டவேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறார். எனினும் முறையீடு எதுவும் வராவிட்டால் அங்கும் உரிமம் வழங்கப்பட்டாக வேண்டும்.

விசாரணையும் மேன்முறையீடும்

முறையீடு வந்து, இணக்கம் ஏற்படாவிடின், மூன்று மன்ற உறுப்பினர்களைக் கொண்ட துணைக்குழு இரு தரப்பையும் கேட்கிறது. இது நீதிமன்றம் அன்று. விண்ணப்பதாரர் வழக்கறிஞர் இன்றியும் பேசலாம். குழு உரிமத்தை வழங்கலாம், நேரத்தைக் குறைக்கலாம், நிபந்தனை சேர்க்கலாம், மேற்பார்வையாளராகக் குறிக்கப்பட்டவரை ஏற்க மறுக்கலாம், உரிமத்தையே மறுக்கலாம். முடிவால் பாதிக்கப்பட்ட எத்தரப்பும் 21 நாட்களுக்குள் நீதவான் நீதிமன்றத்துக்குச் செல்லலாம்.

குழு எதன் அடிப்படையில் முடிவெடுக்கலாம் என்பதை 2008 இல் உயர் நீதிமன்றம் தீர்த்த டேனியல் துவைட்ஸ் வழக்கு தெளிவாக்கியது. விர்ரல் பகுதியில் உள்ள ஒரு விடுதிக்கு அதிகாரசபை நீண்ட விற்பனை நேரத்தை அனுமதித்தது. அப்பகுதியில் குடியிருப்போர் மேன்முறையீடு செய்தபோது, நீதவான்கள் அந்நேரத்தைக் குறைத்தனர். காவல்துறை எதிர்க்கவில்லை, நடந்த தொல்லைக்குச் சான்றும் இல்லை. வருங்காலத்தில் நிகழக்கூடும் என்ற அச்சம் மட்டும் போதாது, கட்டுப்பாடு சான்றின்மேல் அமையவேண்டும் எனக் கூறி உயர் நீதிமன்றம் அம்முடிவை நீக்கியது. வணிகர்களுக்கு இத்தீர்ப்பு பெருந்துணை. ஆனால் இன்னும் திறக்கப்படாத ஒரு கடையால் வரும் தொல்லைக்குச் சான்று எங்கிருந்து கிடைக்கும் என்னும் குடியிருப்போரின் கேள்விக்கு இது எளிதில் விடைதருவதில்லை. சட்டம் அவர்களுக்குத் தரும் மாற்று வழி மீளாய்வு ஆகும். உரிமம் வழங்கப்பட்ட பின் தொல்லை ஏற்பட்டால், எவரும் எப்போது வேண்டுமானாலும் மீளாய்வு கோரலாம். குழு உரிமத்தை மூன்று மாதம் வரை இடைநிறுத்தவோ முற்றாக நீக்கவோ முடியும். கடத்தல் மதுவை வைத்திருத்தல், வேலை செய்ய உரிமையற்றவரைப் பணிக்கமர்த்தல், மூன்று மாதங்களுக்குள் இருமுறை சிறுவருக்கு விற்றல் என்பன உரிமத்தை இழக்கச் செய்யும் பெரும் காரணங்களாகும்.

பெற்றோல் நிலையங்கள்

1980களின் பின் ஐக்கிய இராச்சியத்தில் குடியேறிய இலங்கைத் தமிழர்களில் கணிசமானோர் சிறுகடைகளிலும் பெற்றோல் நிலையங்களிலும் பணிபுரிந்து, பின்னர் அவற்றைத் தாமே நடத்தத் தொடங்கினர். ஆதலால் பெற்றோல் நிலையங்கள் குறித்த விதி அவர்களுக்கு நேரடியாகத் தொடர்புடையது. முதன்மையாக வாகன எரிபொருள் விற்கவோ வாகனம் பழுதுபார்க்கவோ பயன்படும் இடத்தில் மது விற்பதைச் சட்டம் தடைசெய்கிறது. அப்படிப்பட்ட இடத்துக்கு உரிமம் கிடைத்திருந்தாலும் அது பயனற்றது. "முதன்மையாக" என்பதை வருமானத்தைக் கொண்டு அளப்பதில்லை. அவ்வாறு அளந்தால் எரிபொருளே எப்போதும் வெல்லும். வாடிக்கையாளர்கள் எதற்காக வருகின்றனர் என்பதே பார்க்கப்படும். எனவே விண்ணப்பதாரர் பணப்பெட்டிப் பதிவுகளைப் பல மாதங்களுக்குத் திரட்டி, எரிபொருள் வாங்காமல் பாலும் பாணும் வாங்க வந்தோரே அதிகம் எனக் காட்டவேண்டியுள்ளது.

உரிமம் நடைமுறையில் இருக்கையில்

இட உரிமம் பொதுவாகக் காலவரம்பற்றது. ஆயினும் ஆண்டுக் கட்டணம் செலுத்தப்படாவிடின் இடைநிறுத்தப்படும். உரிமத்தை வைத்திருப்பவர் இறந்தாலோ நொடித்துப்போனாலோ உரிமம் அக்கணமே அற்றுப்போகிறது. ஒருவர் பெயரில் நடக்கும் குடும்பக் கடைகளில் இது பேரிடியாக வரக்கூடும். துயரத்தில் இருக்கும் குடும்பத்தார் மறுநாள் கடையைத் திறந்து வழமைபோல் மது விற்றால் அது உரிமமற்ற விற்பனையாகும். 28 நாட்களுக்குள் இடைக்கால அறிவித்தல் கொடுத்தால் உரிமம் உயிர்பெற்று மூன்று மாதம் வரை நிற்கும். அதற்குள் வேறொருவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளவேண்டும். உரிமத்தை ஒரு நிறுவனத்தின் பெயரில் பெறும் வழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

வரித் தொகையும் அதன்மீதான பெறுமதி சேர் வரியும் சேர்ந்த தொகைக்குக் குறைவாக மதுவை விற்கக்கூடாது என்பது 2014 முதல் எல்லா உரிமங்களுக்கும் பொதுவான நிபந்தனை. இருந்து அருந்தும் இடங்களில் குடிநீரை இலவசமாக வழங்கவேண்டும்.

தற்காலிக நிகழ்வுகள்

உரிமம் இல்லாத இடத்தில் ஒருநாள் நிகழ்ச்சிக்காக மது விற்பதற்கு முழு விண்ணப்பம் தேவையில்லை. 21 பவுண் கட்டணத்துடன் பத்து வேலை நாட்களுக்கு முன் மன்றத்துக்கு அறிவித்தால் போதும். ஊழியர் உட்பட ஒரே நேரத்தில் 499 பேருக்கு மேல் இருக்கக்கூடாது. நிகழ்ச்சி 168 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. காவல்துறையும் சுற்றுச்சூழல் நலப் பிரிவும் மட்டுமே இதை எதிர்க்கலாம். திருமண வீட்டில் விருந்தினருக்கு மதுவை இலவசமாக வழங்குவது விற்பனை அன்று. ஆனால் பாடசாலை மண்டபத்தில் சங்கமொன்று நடத்தும் இராப்போசனத்துக்கான நுழைவுச்சீட்டு விலையில் ஒரு குவளை வைன் அடங்கியிருந்தால், அது விற்பனையே.

ஐக்கிய இராச்சியத்தின் பிற பகுதிகள்

ஸ்கொட்லாந்தில் 2005 ஆம் ஆண்டின் தனிச் சட்டம் 2009 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. பொது நலவாழ்வைக் காத்தல் அங்கே ஐந்தாவது நோக்கமாகும். வட அயர்லாந்தில் உரிமத்தை வழங்குவது நீதிமன்றம். அங்கு புதிதாக மதுவிடுதியோ மதுக்கடையோ திறக்க விரும்புபவர், ஏற்கனவே உள்ள உரிமம் ஒன்றை விலைக்கு வாங்கி ஒப்படைக்கவேண்டும், தேவையையும் நிறுவவேண்டும். இதனால் மூடப்பட்ட விடுதியின் உரிமத் தாளே அங்கு பெரும் விலைபோகும் பொருளாக உள்ளது.